குளத்தை ஊரிடம் கொடுங்கள்

களியக்காவிளை என்ற பெயரின் வாலில் நிற்கும் ‘விளை’க்கு ஒரு பொருள் உண்டு. தென்னையும் வாழையும் மரச்சீனியும், இப்போது ரப்பரும் நிற்கிற மேட்டு நிலத்தை எங்கள் பக்கத்தில் விளை என்போம். விளவங்கோடு வட்டத்தில் நிலம் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கிறது: ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. பள்ளத்து வயலுக்கு ஏலா என்று பெயர். ஏலாவின் தலைமாட்டில் ஒரு குளம் இருக்கும். விளையில் பெய்த மழை செம்மண்ணில் ஊறி, அடியிலுள்ள செம்புரைக்கல்லின் துளைகள் வழியே இறங்கிப் பள்ளத்துக்கு வரும். குளம் அதைத் தடுத்து நிறுத்தி வைக்கும். குளத்தில் தண்ணீர் நிற்கிறவரை சுற்றியுள்ள கிணறுகளில் வாளி தரை தட்டாது. மேட்டில் மாடி கட்டிக் குடியிருப்பவரின் கிணற்றுக்கும் பள்ளத்துக் குளத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத உறவு இருக்கிறது.

அந்தக் குளத்துக்கு யார் காவல் என்று கேட்டுப் பாருங்கள். அதிகாரி, வழக்கறிஞர், ஆசிரியர், சுற்றுச்சூழலுக்காகப் பாடுபடுகிறவர் என்று எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். “பஞ்சாயத்துக்காரங்க கையில குடுத்தா குளம் மிஞ்சுமா அண்ணா? கலெக்டர் பாக்கணும். இல்லேன்னா கோர்ட்டு பாக்கணும்.” தேநீர்க் கடையிலும் இதைக் கேட்டிருக்கிறேன், கருத்தரங்க மேடையிலும் கேட்டிருக்கிறேன். உள்ளூர்க்காரன்தான் ஆக்கிரமிக்கிறான், உள்ளூர் உறுப்பினர்தான் அதற்குத் துணை போகிறார், தண்ணீரின் தரத்தைப் பார்க்கிற அறிவு உள்ளூரில் கிடையாது, ஆகவே குளங்களை மேலே இருப்பவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்பது அந்த வாதம். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். கண்ணெதிரே குளங்கள் போனதைப் பார்த்து மனம் நொந்து சொல்கிறார்கள். ஆனாலும் அந்த வாதம் தவறு என்று நினைக்கிறேன். அது சரியான பதில் என்று நம்பி நாம் காத்திருக்கிற ஒவ்வொரு ஆண்டும் குளங்களுக்கு இழப்பு.

மேலே இருப்பவர்களின் கையில் நீர்நிலைகள் பத்திரமாக இருந்தனவா? சென்னையில் வீட்டுவசதி வாரியம் போட்ட மனைத் திட்டங்களின் பெயர்களைப் படித்தாலே போதும். முகப்பேர் ஏரித் திட்டம், அம்பத்தூர் ஏரித் திட்டம். ஏரியில் வீடு கட்டியதை அரசு மறைக்கக்கூட இல்லை, பெயரிலேயே எழுதி வைத்தது. தியாகராய நகர் 1920-களில் எழுந்தது நீண்ட ஏரி கிடந்த தரையில். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த பக்கத்தில். மதுரையில் 2004-ல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாயில் எழுந்தது. நீர்நிலைகளைக் காக்கச் சொல்லும் எத்தனையோ உத்தரவுகள் அந்தக் கட்டடத்திலிருந்து வந்திருக்கின்றன, அவற்றுக்கு நான் நன்றியுள்ளவன். ஆனால் கட்டடத்துக்கு இடம் தேடியபோது மேலே இருந்த எல்லோருடைய கண்ணுக்கும் கண்மாய் காலி மனையாகத்தான் தெரிந்தது. இவற்றில் ஒன்றைக்கூட ஒரு ஊராட்சி உறுப்பினர் செய்யவில்லை.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கான நிலத்துக்குள் குளமோ வாய்க்காலோ ஓடையோ வந்தால், அவற்றையும் சேர்த்து ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. இருபது சென்ட் வளைக்கிற உள்ளூர்க்காரனைப் பார்த்துப் பதறுகிற நாம், ஒரு நீர்நிலையை முழுதாக இடம் மாற்ற வழி சொல்கிற சட்டத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பதறவில்லை.

எங்கள் ஊருக்கே வருகிறேன். கேரளத்தின் கழக்கூட்டம்–காரோடு புறவழிச்சாலை முடிகிற இடத்தில் தொடங்கிக் கன்னியாகுமரியை நோக்கிப் போகிறது நான்குவழிச் சாலை. சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் வரை பழைய சாலையில் நெரிசலில் நின்றவர் யாரும் சொல்ல மாட்டார். ஆனால் அந்தச் சாலை வரைபடத்தில் எப்படிப் போடப்பட்டது? மேட்டில் வீடுகள் நெருக்கம், நிலத்தின் விலை அதிகம். பள்ளத்தில் ஏலாவும் குளமும். ஆகவே கோடு ஏலாக்களின் மேலும் குளங்களின் மேலும் ஓடியது. குளத்துக்குள் மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்துவிடும், மறுகால் ஒரு பக்கமும் மடை இன்னொரு பக்கமும் ஆகிவிடும், குளத்தில் பாலம் கட்டுங்கள் என்று கேட்டவர்கள் யார்? இங்குள்ள விவசாயிகள். திட்டத்தை வரைந்தவர்களிடம் செயற்கைக்கோள் படம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள். தண்ணீர் எந்த மாதத்தில் எந்தக் கரையை முட்டும் என்பது தெரிந்தவர்கள் கரையில் நின்றிருந்தார்கள். வரைபடம் போடுகிற நாளில் அவர்களை உட்கார வைத்துக் கேட்டிருந்தால், பிறகு போராட்டமும் மனுவும் தாமதமும் எதற்கு?

உள்ளூர்க் கண்காணிப்பு என்று நான் சொல்வதன் உயிர் இதில்தான் இருக்கிறது. அது முன்கூட்டி நடக்க வேண்டிய வேலை. குளம் ஒரே நாளில் சாவதில்லை. வெள்ளிக்கிழமை இரவு ஒரு டிப்பர் மண் கரையோரம் விழும். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது. திங்கட்கிழமை பார்த்தால் நான்கு தென்னங்கன்று நிற்கும். அடுத்த கோடையில் ஒரு கல்சுவர். அதற்கடுத்த ஆண்டு மின் இணைப்பு, பிறகு வீட்டு வரி ரசீது. அந்த ரசீது கையில் வந்த பிறகு வழக்கு இருபது ஆண்டு ஓடும். கலெக்டரும் நீதிமன்றமும் வருவது எப்போது? ரசீது வந்த பிறகு. முதல் டிப்பரின் சத்தம் கேட்பது யாருக்கு? எதிர் வீட்டில் படுத்திருப்பவருக்கு. அவர் எழுந்து போய்க் கேட்டால், ‘நீ யார் கேட்க?’ என்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் அவருக்கு ஒரு பதில் வேண்டும். நான் கேட்பதெல்லாம் அந்தப் பதிலைத்தான்.

நீதிமன்றத்தை நம்புகிறவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு, 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தந்தது. பஞ்சாபில் பாட்டியாலா பக்கத்தில் ரோகர் ஜாகிர் என்ற ஊர். ஊர்க் குளத்தை மண் போட்டு நிரப்பிச் சிலர் வீடு கட்டினார்கள். அவர்களை வெளியேற்றச் சொல்லி மனுப் போட்டது ஊராட்சி. அந்த மனுவின்மேல் கலெக்டர் என்ன சொன்னார்? வீடு கட்டியவர்களை வெளியேற்றுவது பொதுநலனுக்கு ஏற்றதல்ல, நிலத்துக்குக் கலெக்டர் மதிப்பில் விலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். உள்ளூரைச் சேர்ந்த சிலர் அதை எதிர்த்து ஆணையரிடம் போனார்கள். ஆணையர் கலெக்டரின் உத்தரவை ரத்து செய்தார், ஊராட்சியும் எதிர்த்தரப்போடு கைகோத்துவிட்டதாகத் தெரிகிறது என்றும் குறித்தார். கடைசியில் உச்ச நீதிமன்றம் ஊர்க்காரர்களின் பக்கம் நின்றது. நாடு முழுவதும் இப்படி ஆக்கிரமிக்கப்பட்ட பொது நிலங்களை மீட்டு, ஊர் மக்களின் பொதுப் பயன்பாட்டுக்காகக் கிராம சபையிடமும் ஊராட்சியிடமும் திருப்பிக் கொடுங்கள் என்று எல்லா மாநில அரசுகளுக்கும் கட்டளையிட்டது.

இந்த வழக்கை மெதுவாக இன்னொரு முறை படிக்க வேண்டும். கலெக்டர் குளத்தை விற்கச் சொன்னார். ஊராட்சி பாதி வழியில் தளர்ந்தது. விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் பதவி எதுவும் இல்லாத ஊர்க்காரர்கள் சிலர். பஞ்சாயத்துக்காரரை நம்ப முடியாது, ஆகவே ஊரை நம்ப முடியாது என்று சொல்கிற வாதம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறது. ஊராட்சி வேறு, ஊர் வேறு. தேர்தலில் செலவு செய்து ஜெயித்த ஓர் உறுப்பினருக்கு மனை வியாபாரியோடு உறவு இருக்கலாம். குளத்துக்குக் கீழே கிணறு வைத்திருக்கிற நாற்பது வீட்டுக்காரர்களுக்கும் அதே உறவு இருக்க வாய்ப்பில்லை. குளம் போனால் அவர்களுடைய கிணறு போகும். அந்த நாற்பது வீட்டின் கையில் அதிகாரம் இருந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

ஒருநாளும் இருந்ததில்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இது. நீர்ப்பாசனக் குளங்களை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கத் தமிழ்நாட்டில் 2007-ல் தனிச் சட்டம் வந்தது. அது பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலிருந்த குளங்களுக்கு மட்டும். மற்றக் குளங்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு சதுப்புநில விதிகளைப் பாருங்கள். பாசனத்துக்காகவோ குடிநீருக்காகவோ மனிதர் கட்டிய நீர்நிலை அந்த விதிகளின்படி சதுப்புநிலமே இல்லை. குமரி மாவட்டத்தில் சுசீந்திரம்–தேரூரும் வேம்பனூரும் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறின, மகிழ்ச்சிதான். பறவைகளின் பெயரால் பட்டியலில் ஏறாத நூற்றுக்கணக்கான சின்னக் குளங்களுக்கு அப்படி ஒரு பாதுகாப்புக் கிடையாது. எங்கள் ஏலாக்களின் தலைமாட்டுக் குளங்கள் அந்த வகை.

இன்னொன்றும் உண்டு. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை, சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் கிராம ஊராட்சிகளுக்குரிய பொருள்களில் ஒன்றாகச் சொல்கிறது. களியக்காவிளை பேரூராட்சி. பேரூராட்சிக்குப் பன்னிரண்டாவது அட்டவணை. அதில் நகரத் திட்டமிடல் இருக்கிறது, கட்டடங்களை ஒழுங்குபடுத்துவது இருக்கிறது, சுற்றுச்சூழல் பாதுகாப்பு இருக்கிறது, பாசனக் குளம் மட்டும் இல்லை. வேறு மாவட்டங்களில் கிராமம் என்று சொல்கிற ஊர்கள் குமரியில் பேரூராட்சிகளாக இருக்கின்றன. ஐம்பதுக்கு மேல் இருக்கும். தென்னந்தோப்பும் ஏலாவும் குளமுமாகக் கிடக்கிற ஊருக்கு நகரம் என்று பெயர் வைத்ததால் கிராம சபை இல்லாமல் போனது. ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிற கிராம சபையில் பக்கத்து ஊராட்சிக்காரர் எழுந்து குளத்தைப் பற்றிக் கேட்கலாம். களியக்காவிளைக்காரருக்கு 2022 வரை அந்த இடம்கூட இல்லை. அந்த ஆண்டில்தான் பேரூராட்சிகளில் பகுதி சபை என்று ஒன்று வந்தது. ஆக, உள்ளூர் மக்கள் குளத்தைக் காக்கத் தவறிவிட்டார்கள் என்பது நியாயமான குற்றச்சாட்டு அல்ல. காக்கிற வேலையை அவர்களிடம் ஒப்படைக்கவே இல்லை.

குளங்களைத் தூர்வாரும் குடிமராமத்துத் திட்டத்தைச் சொல்லி மறுப்பார்கள். 2017-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயிகள் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும், வேலை அவர்கள் சங்கத்தின் பெயரில் நடக்கும் என்றார்கள். எங்கே தூர்வாருவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு தொகை என்று முடிவு செய்ததும் அளந்ததும் துறைதான். பெயர் ஊருடையது, பேனா அதிகாரியுடையது. அதில் நடந்த முறைகேடுகளுக்கு ஊரைக் குறை சொல்ல முடியாது.

எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பாறசாலை. அங்கே வேறொரு முறை இருக்கிறது. கேரளம் 2008-ல் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமையில் வேளாண் அலுவலர், கிராம அலுவலர், அந்த ஊரில் நெல் பயிரிடுகிற மூன்று பேர். அந்த ஊராட்சியில் எந்தெந்த சர்வே எண் வயல், எது நீர்நிலம் என்று பட்டியல் எடுப்பது அவர்கள் வேலை. பட்டியல் அரசிதழில் வரும். வயலில் தனக்கென்று வீடு கட்ட வேண்டும் என்று கேட்பவர் அந்தக் குழுவிடம் வர வேண்டும். ஊராட்சிப் பகுதியில் பத்து சென்ட், நகரத்தில் ஐந்து சென்ட் என்று மேல் வரம்பும் உண்டு.

அந்தச் சட்டம் கேரளத்து வயல்களை முழுதாகக் காப்பாற்றிவிட்டது என்று சொன்னால் அது பொய். பட்டியலில் பிழைகள் ஏராளம். வயல் கரைபுரயிடம், அதாவது மேட்டு நிலம், என்று எழுதப்பட்டது, வீடு நிற்கிற இடம் வயலாகப் பதிவானது. திருத்தம் கேட்டு மனுக்கள் குவிந்தன. சில குழுக்களில் கட்சி நுழைந்தது. இதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன். ஆனால் அந்தச் சட்டத்தில் பெரிய ஓட்டை விழுந்தது எங்கே என்று பாருங்கள். 2018-ல் மாநிலச் சட்டமன்றம் செய்த திருத்தத்தில், பட்டியலில் ஏறாத நிலத்தைக் கட்டணம் செலுத்தி மாற்றிக்கொள்ள வழி திறந்தது. அந்தக் கதவைத் திறந்தது ஊர்க்குழு அல்ல, தலைநகரம். எவ்வளவு குறை இருந்தாலும் பாறசாலையில் ஒருவர் ஒரு சர்வே எண்ணைச் சொல்லி, இது பட்டியலில் இருக்கிறதா என்று கேட்க ஓர் இடம் இருக்கிறது. களியக்காவிளையில் அதே கேள்வியோடு போனவரை வருவாய்த் துறை நீர்வளத் துறைக்கு அனுப்பும், நீர்வளத் துறை பேரூராட்சிக்கு அனுப்பும், பேரூராட்சி மறுபடி வருவாய்த் துறைக்கு அனுப்பும். நிலம் ஒருவரிடம், கரை ஒருவரிடம், மீன் குத்தகை இன்னொருவரிடம். எல்லோருக்கும் ஒரு பங்கு அதிகாரம், ஒருவருக்கும் முழுப் பொறுப்பு இல்லை.

கேரளத்தைப் பற்றிப் பேசும்போது நெய்யாறு இடதுகரைச் சானலை விட்டுவிட முடியாது. விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கருக்கு அதில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-ல் கேரளம் நிறுத்தியது. 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்து ஆண்டுகள் கடந்த பிறகும் சானல் வறண்டே கிடந்தது. சானல் தண்ணீரை நம்பியிருந்த குளங்கள் மழையை மட்டும் நம்ப வேண்டியதாயிற்று. குளம் வற்றினால் வயலில் வாழை வரும், வாழைக்குப் பிறகு ரப்பர், ரப்பருக்குப் பிறகு மனை. ஆண்டுக்கு எட்டு மாதம் புல் முளைத்துக் கிடக்கிற குளத்தைப் பார்த்து, இது இனி எதற்கு என்று கேட்கிற ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எங்கள் குளங்கள் சுருங்கியதில் ஊர்க்காரனின் பேராசைக்கு ஒரு பங்கு உண்டு. இரண்டு மாநிலத் தலைநகரங்களுக்கு இடையே தீராமல் கிடக்கிற ஒரு வழக்குக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. மேலே விட்டுவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்களிடம் சொல்கிறவர்கள் இந்தச் சானலின் கரையில் ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும்.

தண்ணீரின் தரத்துக்கு வருவோம். ஆக்கிரமிப்பையாவது கண்ணால் பார்க்கலாம், தரத்தை ஆய்வுக்கூடத்தில்தானே பார்க்க முடியும் என்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாட்டின்படி குளிக்கத் தகுந்த தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கோலிஃபார்ம் 100 மில்லிலிட்டரில் 500-ஐத் தாண்டக் கூடாது. இதை அளக்கக் கருவி வேண்டும், படித்தவர் வேண்டும். அந்தப் படித்தவர் ஏலாக்குளத்துக்கு எத்தனை முறை வருவார்? வந்தாலும் வருவது பகல் பதினொரு மணிக்கு. பாசி மண்டிய குளத்தில் பகலில் ஆக்சிஜன் ஏறியிருக்கும். இரவு முழுக்கப் பாசியும் அழுகலும் அதை உறிஞ்சிக்கொள்ள, விடியற்காலையில்தான் அது அடிமட்டத்துக்கு இறங்கும். மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருவது அப்போது. அதைப் பார்ப்பவர் காலைக்கடனுக்கோ பால் வாங்கவோ கரையோரம் போகிறவர். துணி துவைக்கிற பெண்களுக்கு எந்த மாதத்திலிருந்து தண்ணீர் உடம்பில் அரிக்கிறது, எந்தப் படித்துறையில் நாற்றம் அதிகம், எந்த வீட்டின் கழிவுக் குழாய் மழைக்காலத்தில் மட்டும் திறக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஆய்வுக்கூடம் எங்கே, எப்போது தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சொல்லித்தரக்கூடியவர்கள் அவர்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கிற மாதிரி, பாதி மாதிரி.

கருவிகூடப் பெரிய தடை இல்லை. 1865-ல் இத்தாலிய வானியலாளரும் பாதிரியாருமான ஆஞ்சலோ செக்கி, ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்த்தார். தண்ணீரின் தெளிவை அளக்க இன்றும் அந்தத் தட்டுத்தான் உலகமெங்கும் பயன்படுகிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1970-களிலிருந்து ஏரிக்கரையில் குடியிருப்பவர்கள் படகில் போய் இந்தத் தட்டை இறக்கிக் கணக்கு எழுதி அரசுக்குக் கொடுக்கிறார்கள். அரசு அதை வாங்கிப் பயன்படுத்துகிறது. எங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு அது முடியாத காரியமா? மாதம் இரண்டு முறை, அதே குளம், அதே இடம், அதே நேரம். மூன்று ஆண்டுக் கணக்கு கையில் இருந்தால் எந்த அதிகாரியிடமும் பேசலாம்.

மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொண்டதும் கரையில் இருப்பவர்கள் பார்த்துக்கொண்டதும் பெங்களூரில் இரண்டும் நடந்தன. பெரிய அமைப்புகள் பலவற்றின் பொறுப்பில் இருந்த பெல்லந்தூர் ஏரியில் நுரை தெருவுக்கு வந்தது, 2017-ல் ஏரியின் மேலேயே தீப்பிடித்து எரிந்தது. அதே நகரத்தின் கைகொண்டரஹள்ளி ஏரியைச் சுற்றுவட்டாரத்தில் குடியிருப்பவர்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டெடுத்தார்கள், பிறகு அறக்கட்டளை அமைத்து அன்றாடம் பார்த்துக்கொண்டார்கள். பெல்லந்தூர் பல மடங்கு பெரியது, அதற்கு வருகிற சாக்கடையும் மிக அதிகம், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் எங்கள் குளங்கள் அளவில் கைகொண்டரஹள்ளியைவிடவும் சிறியவை. பொதுவளங்களை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எலினோர் ஆஸ்ட்ரம் நேபாளத்தில் விவசாயிகளே நடத்திய பாசனத்தையும் அரசுத் துறை நடத்திய பாசனத்தையும் ஒப்பிட்டபோது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில் விவசாயிகளின் பாசனம் முன்னே நின்றது. 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை ஆய்வுகளுக்காக.

முதலில் பார்ப்பது ஊர்க்காரர்கள்தான் என்பதற்கு இன்னொரு சான்று: 2024 டிசம்பரில் கேரளத்தின் மருத்துவக் கழிவுகள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, கேரளத்திலிருந்து லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. தீர்ப்பாயத்தின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கழிவு மாநில எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் வந்தது, அங்கே அகப்படவில்லை. சத்தம் போட்டது அந்தக் கிராமங்களில் இருந்தவர்கள். களியக்காவிளையிலும் சோதனைச் சாவடி இருக்கிறது. இரவில் லாரியிலிருந்து இறைச்சிக் கழிவு சானலோரத்தில் இறங்குவதை நாங்கள் பல முறை பார்த்துவிட்டோம். மீனுக்குத் தீனி என்ற பெயரில் கோழிக்கழிவை நேராகக் குளத்தில் கொட்டுகிற குத்தகைக்காரரையும் பார்த்திருக்கிறோம். பார்ப்பதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்ததைத் தடுக்க எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

2023-ல் மத்திய அரசு நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பை வெளியிட்டது. 24,24,540 நீர்நிலைகள். அவற்றில் ஆக்கிரமிக்கப்பட்டவை 38,496, நூற்றுக்கு 1.6. குமரி மாவட்டத்தில் எந்த ஏலாவின் கரையில் வேண்டுமானாலும் நின்று சுற்றிப் பாருங்கள், நூற்றில் இரண்டுக்கும் குறைவு என்ற கணக்கை உங்களால் நம்ப முடியுமா? எடுத்தவர்கள் நேர்மையாகத்தான் எடுத்திருப்பார்கள். ஆனால் பதிவேட்டில் இருக்கிற எல்லைக்கும் தண்ணீர் முன்பு நின்ற எல்லைக்கும் உள்ள வித்தியாசம் வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. கரையோரத்துக் கல்சுவர் குளத்துக்குள் நிற்கிறது என்பது அந்தச் சுவருக்கு முன்பு அங்கே நீந்தியவருக்கு மட்டுமே தெரியும்.

சாதியும் பணமும் ஊரிலும் உண்டே, பெரிய வீட்டுக்காரர் வைத்ததுதானே சட்டமாகும் என்ற மறுப்பு எனக்கு உண்மையாகவே கனமாகத் தெரிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் உத்திரமேரூரில் குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அந்த வாரியத்தில் நிலம் உள்ள, வேதம் படித்த ஆண்களுக்கு மட்டும் இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வாரியம் திரும்பி வர வேண்டாம். ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி பெயர் எழுதப்படத் தகுதியற்றவர்கள். அந்த ஒரு விதியைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

குளத்தை ஊரிடம் கொடுக்கப் பெரிய சட்டப் புரட்சி தேவையில்லை. குளத்துக்கு ஒரு குழு. தலைவர் பேரூராட்சித் தலைவராக இருக்க வேண்டாம். குளத்துக்குக் கீழே கிணறு உள்ளவர்கள், ஏலாவில் பயிர் வைப்பவர்கள், படித்துறையைப் பயன்படுத்துகிறவர்கள், பாதிக்குக் குறையாமல் பெண்கள், தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பு அந்தப் பக்கம் இருந்தால் அங்கிருந்து கட்டாயம் ஒருவர். குளக்கரையை ஒட்டி வருகிற எந்தக் கட்டட அனுமதி மனுவின் நகலும் அனுமதிக்கு முன் அவர்கள் கைக்கு வர வேண்டும், அவர்களின் எழுத்துமூலமான ஆட்சேபத்துக்கு அதிகாரி எழுத்துமூலம் பதில் சொல்ல வேண்டும். மண் விழுந்தால் தாசில்தார் வந்து பார்க்கிறவரை வேலையை நிறுத்தி வைக்கிற அதிகாரம் அவர்களுக்கு வேண்டும். மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பகுதி அந்தக் குளத்துக்கே வர வேண்டும். பகுதி சபையில் கணக்கு வாசிக்கப்பட வேண்டும், வாசிக்காதவர் அடுத்த முறை குழுவில் இருக்க முடியாது. தண்டிப்பது, சுவரை இடிப்பது, வழக்கு நடத்துவது எல்லாம் அரசின் வேலையாகவே இருக்கட்டும். ஊர்க்காரர் கையில் பொக்லைன் கொடுக்கச் சொல்லவில்லை.

அதற்கும் முன்பு ஒரு வேலை இருக்கிறது, அதை இந்த ஆண்டே தொடங்கலாம். ஒவ்வொரு குளத்தின் கரையிலும் ஒரு பலகை: சர்வே எண், பதிவேட்டிலுள்ள பரப்பு, முழுக் கொள்ளளவில் தண்ணீர் நிற்க வேண்டிய மட்டம், மடை எங்கே, மறுகால் எங்கே. முதல் மூன்றையும் அலுவலகத்திலிருந்து எடுக்கலாம். கடைசி இரண்டும் பல குளங்களில் அலுவலகத்தில் கிடைக்காது. மறுகால் மேல் சாலை வந்துவிட்டது, மடைமேல் சுற்றுச்சுவர் நிற்கிறது. எந்தச் சுவருக்கு அடியில் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபது வயதைத் தாண்டிவிட்டது. அடுத்த பகுதி சபைக்கு அவர்களை ஆட்டோ வைத்தாவது அழைத்துக்கொண்டு போக வேண்டும்.